இந்த ஓவர் முடியட்டும்

அவர் முகத்தை நான் பார்த்தது குறைவு. முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சட்டையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கோடுகள் பதிந்திருக்கும். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தத் தோள் துள்ளினால் பவுண்டரி. தொங்கினால் விக்கெட் போய்விட்டது. விக்கெட் போன நேரத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

பேர் வேண்டாம். ஆள் இருக்கிறார்.

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் ஓர் எடைமேடை. லாரியை ஏற்றி நிறுத்தினால் சரக்கோடு சேர்த்து எடை காட்டும் இரும்பு மேடை. பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் அவர். எடைச் சீட்டு அடித்துக் கொடுப்பது அவருக்குச் சம்பளம் வாங்கிய வேலை. கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடுவது அவர் பார்த்த வேலை.

நான் கறிக்கோழி வண்டி ஓட்டுகிறேன். பண்ணைக்குப் போகும்போது காலி வண்டிக்கு ஓர் எடை. கோழி ஏற்றி வரும்போது ஓர் எடை. ரெண்டு சீட்டும் இருந்தால்தான் கம்பெனியில் லோடை இறக்க விடுவார்கள். அதனால் போகும்போதும் வரும்போதும் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வேறு எடைமேடைக்குப் போகலாமே என்று கேட்கலாம். அந்தப் பக்கம் வேறு இல்லை. இருந்திருந்தால் இவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

மேடையில் ஏற்றி ஹாரன் அடித்தால் திரும்ப மாட்டார். இடது கை மட்டும் மேலே போகும்.

"இந்த ஓவர் முடியட்டும்."

வண்டிக்குள் இருக்கிற கோழிக்கு ஓவர் தெரியாது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஒன்று தலையைத் தொங்கப் போடும். அதைப் பார்த்து அடுத்தது போடும். செத்த கோழிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணே, கோழி சாகுதுண்ணே."

"நீ எப்படியும் சாகத்தானே கொண்டு போற?"

இறங்கிப் போய்க் கோழி மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வருவேன்.  

ஆட்டத்தைச் செத்த நேரம் நிறுத்திவிட்டு எடை போட முடியாதா என்றால், முடியாது. எடை போடுகிற புரோகிராமும் ஆட்டமும் ஒரே பெட்டியில் இருந்தன. பழைய விண்டோஸ். பச்சைப் புல்மேடும் நீல வானமும் படமாக வருமே, அது. ஆட்டத்தைச் சின்னதாக்கிக் கீழே தள்ளினால் அந்த ஆட்டம் அப்படியே தொங்கிவிடும். அப்புறம் பெட்டியை அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். அடித்த ரன் எல்லாம் போய்விடும். ஒரு அணி ஆடி முடித்தால்தான் சேமித்து வைக்க விடும். ஓவர் முடியட்டும் என்று சொல்வாரே தவிர, நாங்கள் நின்றது அந்த அணி ஆல் அவுட் ஆகும் வரைக்கும்தான். அவர் அணி சுலபத்தில் அவுட் ஆகாது. அதுதான் எங்கள் தலையெழுத்து.

"புது விண்டோஸ் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"அதுல இந்த ஆட்டம் ஓடாது."

"இந்த விண்டோஸை கம்பெனிக்காரனே விட்டுட்டானாம்ல?"

"விட்டுட்டான். அதனால இப்ப அதுக்கு நான்தான் முதலாளி."

நெட் கனெக்‌ஷன் கிடையாது. பென்டிரைவ் கொண்டுவருகிறவனைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மானிட்டர் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய பல் மாதிரி மஞ்சள். உள்ளே விசிறி சுற்றும்போது மாவு மில் சத்தம் வரும்.

ஆட்டத்துக்குள் இருந்த வீரர்கள் எல்லாரும் நிஜத்தில் ஓய்வு பெற்றுவிட்டார்கள். தொப்பை வைத்து, தலை நரைத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டிக்குள் மட்டும் இன்னும் ஓடி ஓடி ரன் எடுத்தார்கள். எவனாவது புது வீரன் பேரைச் சொன்னால், "அவன் யாரு?" என்பார். நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியாது.

ஒரு தடவை ஒட்டன்சத்திரம் பக்கத்து லாரி ஒன்று மக்காச்சோளம் ஏற்றி வந்து மேடையில் நின்றது. தார்ப்பாய் கிழிசல். வானம் கறுத்துவிட்டது.

"ஏனுங்க, மழை வருதுங்க. கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க."

"மழை வந்தா மேட்ச்ச நிறுத்திருவான்."

"உங்க மேட்ச்சுக்குள்ள ஏதுங்க மழை?"

"அதான். என் மேட்ச் நிக்காது."

மழை கொட்டியது. சோளம் நனைந்தது. அந்த டிரைவர் பல்லைக் கடித்தார். இவர் திரும்பாமலே சொன்னார்: "நனைஞ்சா எடை கூடும்ப்பு. உனக்கு லாபம்தான். எனக்கு ஒரு டீ சொல்லு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று, "லெக் சைடுல ஆளே இல்லீங்க, தூக்கி அடிங்க" என்றார். எல்லாரும் இப்படித்தான். வாசலில் நின்று வைவோம். உள்ளே வந்தால் ஸ்கோர் கேட்போம்.

ஆயுத பூஜைக்கு மேடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் அவரே சந்தனம், குங்குமம் வைப்பார். ஒரு வருஷம் ஆட்டத்தின் சிடியையும் வெளியே எடுத்தார். அந்தச் சிடி உள்ளே இருந்தால்தான் ஆட்டம் தொடங்கும். "இதுதான் நம்ம ஆயுதம்" என்று சொல்லி, பளபளப்பாக இருந்த பக்கத்தில் மூன்று பொட்டு வைத்துப் படையலில் வைத்தார். மறுநாள் அப்படியே உள்ளே தள்ளினார். பொட்டைத் துடைத்தால் சாமி குத்தம் என்று துடைக்கவில்லை. பெட்டிக்குள் மிளகாய் அரைக்கிற சத்தம் வந்தது. பிறகு குங்குமம் வந்தது. ஆட்டம் வரவில்லை.

பற்பசை போட்டுத் தேய்த்தார். வாழைப்பழத் தோலால் தேய்த்தார். சிடி கீறல் விழுந்து சிரைத்த தலை மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க எடைமேடை நிஜமான எடைமேடையாக இருந்தது. ஏற்றினால் சீட்டு. இறங்கினால் சீட்டு. என் வண்டியில் ஒரு கோழி சாகவில்லை. அவர் மட்டும் காய்ச்சல் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஊருக்குள்ள போறேல்ல. ஒரு சிடி கெடைக்குதான்னு பாருப்பு" என்றார்.

ஊரில் பெரிய கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். கடைக்காரப் பையன் சிரித்தான். "அண்ணே, சிடி போடுற ஓட்டையே இப்ப கம்ப்யூட்டர்ல வர்றதில்ல." கடைசியில் பிளாட்பாரத்தில் பழைய பாட்டு சிடிகளுக்கு நடுவில் அந்த ஆட்டம் கிடைத்தது. வாங்கி வந்து கொடுத்தேன். கொடுத்தால் என் கோழி சாகும் என்று தெரியும். ஆனால் ஓர் அரையிறுதி பாதியில் நின்றது. அது என்ன ஆகும் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

தோற்றார்.

இப்படியே போயிருக்கும். எடைமேடையின் பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய், அவருடைய மருமகள் வரவு செலவு பார்க்க வந்தார். காந்திகிராமத்தில் காலேஜ் படித்தவர். யாரையும் சத்தம் போட மாட்டார். போடாததால்தான் எங்களுக்குப் பயம். வந்த கொஞ்ச நாளில், வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தார். உள்ளே போய் அந்த முதுகைப் பார்த்தார்.

"அண்ணே, தை பொறந்ததும் புது கம்ப்யூட்டர் வருது. நெட், கேமரா எல்லாம் வச்சு. இதைத் தூக்கிடலாம்."

தோள் துள்ளவில்லை. தொங்கவும் இல்லை. ஆட்டத்தையே விட்டுவிட்டு முழுசாகத் திரும்பினார். அன்றைக்குத்தான் அவருக்கு மீசை உண்டு என்று கவனித்தேன்.

"இது இல்லேன்னா நான் இங்க இல்ல தாயி."

"அது உங்க இஷ்டம்ணே" என்று சொல்லிவிட்டு மருமகம்மா போய்விட்டார்.

அதாவது பெட்டி போனால் ஆட்டம் போகும். பெட்டிக்காக முறைத்தால் நாற்காலி போகும். எடைமேடை முழுக்க இதே பேச்சு. இவருக்கு வெளியில் யாரும் வேலை தரப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சீரியல் பார்த்து அழுகிறவர். "ஒரு மனுசன் ஒரு பெட்டிய இம்புட்டுப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னா சும்மாவா? உள்ள என்னமோ இருக்கு" என்றார். டீயோடு உள்ளே போனார். நான் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

ஆடும்போது அவர் எதற்கும் "ம்" என்பார். அது எங்களுக்குத் தெரிந்தது. டீயில் உப்புப் போடவா என்று கேட்டாலும் "ம்"தான்.

"அண்ணே, இது உங்க பையன் போட்டுக் குடுத்த ஆட்டமாண்ணே?"

"ம்."

"பையன் இப்ப உசுரோட இல்லையாண்ணே?"

"ம்."

"அய்யோ" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. தோள் துள்ளியது. அக்கா அதை விம்மல் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த ரோடு முழுக்கப் பரவிவிட்டது. செத்த மகன் வைத்துவிட்டுப் போன ஆட்டம். அப்பன் அதில்தான் மகனைப் பார்க்கிறான். லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். மக்காச்சோள டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் அவரிடம் சொன்னேன்.

"உங்க பையன் செத்துட்டதாப் பேசிக்கிறாங்க."

"எவன் சொன்னது? அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கான்."

"டீக்கடை அக்காதான். மருமகம்மா காதுக்கும் போயிருச்சு. அழுதாங்களாம். பெட்டி இருக்கட்டும்னு சொல்லிட்டாங்களாம்."

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"பெட்டிய எடுக்க மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்களாம்."

"அப்ப சும்மா இரு."

திரும்பிக்கொண்டார். டாஸ் போட்டார்.

பிறகு ஒரு நாள் வத்தலக்குண்டுப் பக்கம் இருந்து ஒரு வெள்ளை வேட்டிக்காரர் மனைவியோடு வந்து டீக்கடையில் உட்கார்ந்தார். பொண்ணு கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி வீட்டில் கேட்க மாட்டார்கள். அப்பன் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், டீக்கடையில் கேட்பார்கள். இவரும் ஒரு டீ வாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "எடைமேடையில இருக்காரே, அவரு பையன் எப்படி?" என்றார்.

"அந்தப் புள்ளையா? போய்ச் சேந்துருச்சே" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளை வேட்டிக்காரர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். ரெண்டு பேரும் எழுந்து, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். யார், என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதே வாரம் மருமகம்மா என்னைக் கூப்பிட்டார். "நாகல் நகர்ல அண்ணன் வீடு தெரியுமா? அவரு வீட்டு அக்காகிட்ட துக்கம் கேக்கணும். இம்புட்டு நாள் தெரியாம இருந்துட்டேன்."

"தெரியும்."

"கூட வாங்க."

போனால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நானாகச் சொல்வதைவிட அது நல்லது. அவர் ஸ்கூட்டியில் வந்தார். நான் கோழி வண்டியில் முன்னால் போனேன்.

எடைமேடைக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். மருமகம்மா ஒன்றும் பேசாமல் அந்த அம்மாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. போன மாசம்தான் அவருடைய தாயார் தவறியிருந்தார். அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவரும் அழத் தொடங்கினார்.

"மனசத் தேத்திக்கங்கக்கா."

"என்ன பண்றது தாயி. கடைசியில ஒரு வாய்த் தண்ணி எறங்கல. சக்கரை விடல."

"இந்த வயசுல சக்கரையாக்கா?"

"இந்த வயசுல வராம?"

மருமகம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "கல்யாணம் ஆயிருந்துச்சாக்கா?"

அந்த அம்மா கையை உருவிக்கொண்டார்.

"யாருக்கு?"

"உங்க மகனுக்குத்தான்."

"அவனுக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். வத்தலக்குண்டுல ஒரு எடம் கூடி வந்துச்சு. ஒரு வாரமா அவங்க போனையே எடுக்கல."

மருமகம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படத்தில் ஒரு கிழவி இருந்தார். மருமகம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்காரர் யார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மருமகம்மா மெதுவாக எல்லாம் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். வீடியோவில் மகன் வந்தான். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"என்னம்மா, வேலையில இருக்கேன்."

"ஏலே, நீ செத்துட்டியாம்டா. உங்கப்பன் சொல்லிருக்கான்."

"எப்ப?" என்றான் அவன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போக வேண்டும். இங்கே துக்கமே இல்லை. சொல்வதா, சொல்லாமல் போவதா என்று தெரியாமல் மருமகம்மா வாசலிலேயே செத்த நேரம் நின்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கூட்டிட்டு வந்தேன்ல."

மறுநாள் மகன் எடைமேடைக்கு வந்தான். என் வண்டி மேடையில் நின்றது. டீக்கடை அக்கா அவனிடம் யாருப்பா என்று கேட்டார். சொன்னான். அக்கா டம்ளரைப் போட்டுவிட்டார்.

மருமகம்மாவும் வந்துவிட்டார். எல்லாரும் அறைக்குள் போனோம். அவர் திரும்பவில்லை. இடது கை மேலே போனது.

"அண்ணே, உங்க மகன் வந்திருக்காப்ல" என்றார் மருமகம்மா.

"ம்."

மகன் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். "எம்புட்டு ரன்னுக்குப்பா என்னைக் கொன்ன?" என்றான்.

"ரெண்டே விக்கெட்டுதான். செத்த இரு."

மகன் இருந்தான். ஒரு பந்து, ரெண்டு பந்து பார்த்தான். பிறகு குனிந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான். மாவு மில் நின்றது. திரை கறுத்தது.

அவர் திரும்பினார். கோபமாகத்தான் திரும்பினார். மகன் முகத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஏலே, நீ எப்ப வந்த?"

யாரும் சிரிக்கவில்லை. மருமகம்மா பொறுமையாகச் சொன்னார். "நாளைக்கு வேற ஆள் வருவாருண்ணே. பெட்டிய நீங்க எடுத்துக்கலாம்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தான். என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது? ஒயர்களைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா அவருக்கு டீ போடவில்லை.

மேடையின் எடைக் கருவி காட்டிய காலி வண்டி எடையை மருமகம்மா தன் கையாலேயே சீட்டில் எழுதி எனக்குக் கொடுத்தார். மகன் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, வத்தலக்குண்டு வழியாத்தான போறீங்க? பொண்ணு வீட்டுல எறக்கி விடுங்க. உசுரோட இருக்கேன்னு ஒரு தடவ காட்டிட்டு வந்துர்றேன்."

அவரும் பெட்டியை வைத்துவிட்டு எழுந்தார். "நானும் வாரேன்."

"நீ வேண்டாம்ப்பா."

ஏற்றிக்கொண்டு போனேன். கோழி வண்டியில் மாப்பிள்ளை. நல்ல சட்டை போட்டிருந்தான்.  பொண்ணு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டிக்காரர் நின்றார். அவனைப் பார்த்ததும் ரெண்டு அடி பின்னால் வைத்தார். அப்புறம் கிட்ட வந்து கையைத் தொட்டுப் பார்த்தார். அவன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். வண்டியில் இருந்தே எனக்குக் கேட்டது.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவன் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"தம்பி, நீங்க இருக்கிறதுல எங்களுக்கு ரொம்பச் சந்தோசம்" என்றார். "ஆனா உங்கப்பாவும் இருக்காரே. அதைத்தான் இப்ப யோசிக்கணும்."